சொன்ன பேச்சு கேட்கும் பந்து

லிஃப்ட்காரருக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே தெரியவில்லை. பந்தின் மேல் கோபப்படலாம். ஆனால் பந்து மைத்துனனுடையது. மைத்துனன் மேல் கோபப்படலாம், தாராளமாகப் படலாம்; அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டாமா?

மனிதர் பகலெல்லாம் அடுக்குமாடிகளில் நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைக்கிறவர். வியாழக்கிழமை சாயங்காலமானால் பௌலிங் லீக்கில் ஒரு டீமுக்குக் கேப்டன். கிரிக்கெட் பௌலிங் இல்லை; லேன் என்கிற நீள மரப்பாதையில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கிற பத்துக் கட்டைகளை, அதாவது பின்களை, சாய்க்கிற ஆட்டம். பத்து வருஷமாக ஆடுகிறார். மூன்று தடவை இரண்டாம் இடம் வந்திருக்கிறார். கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. இந்த வருஷம் டீம் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்ததால், டிவிக்கு மேலே இருந்த தட்டில் மனைவி அடுக்கி வைத்திருந்த பொம்மைகளை எல்லாம் எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தார். கேட்டால், "தூசி அடையுது" என்றார். யாரும் நம்பவில்லை.

அவருக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது அவருடைய பந்து திரும்புகிற அழகுதான். வலப்பக்க ஓரத்தில் விடுவார். பார்க்கிறவர்கள், போச்சு, லேனின் ஓரப் பள்ளத்தில் விழப்போகிறது என்று நினைப்பார்கள். கடைசி நொடியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் அது சட்டென்று திரும்பி, பின்களின் நடுவயிற்றில் போய் இடிக்கும். பக்கத்து லேன்காரர்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அவர் பார்க்காத மாதிரி துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொள்வார்.

அந்தப் பந்து ஒன்றரை மாதமாகத் திரும்பவில்லை.

மைத்துனன் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். அவன் வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கம்பெனியை ஒரே நாளில் இழுத்து மூடிவிட்டார்கள். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தான். பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மாசங்கள் போயின. சாப்பாட்டுக்குக் கதவு திறக்கும், தட்டு காலியானதும் மூடும். அக்கா கதவுக்கு வெளியே நின்று கெஞ்சுவாள், திட்டுவாள், அழுவாள். உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.

டீமில் ஒருவர் வேலை மாற்றலாகிப் போனதும், நாலாவது ஆளுக்கு வேறு வழியில்லாமல் லிஃப்ட்காரர் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அரங்கில் எல்லாரும் எடுத்துப் போடுகிற பொதுப்பந்தை எடுத்துப் போட்டான். பத்துக்கு ஆறு ஓரப் பள்ளத்தில் விழுந்தது. "பரவால்லடா, ஆள் கணக்குக்கு நின்னா போதும்" என்று சொல்லிவிட்டார். அவனும் ஆள் கணக்குக்கு நின்றான்.

அப்புறம் அவன் பிறந்தநாள் வந்தது. மனைவி யாரையும் கேட்காமல் அரங்கில் இருக்கிற பந்துக்கடைக்குப் போய், "ரொம்பத் துள்ளாத, அடக்கமான பந்தா குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டாள். யூரித்தேன் என்று ரப்பர் மாதிரி ஒன்றில் செய்த பந்து. கத்தரிப்பூ ஊதா. தம்பியின் விரலை அளந்து துளையும் போட்டாயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, அடக்கமான பந்துதான். லிஃப்ட்காரருடைய பந்து மாதிரி கடைசியில் குதித்துத் திரும்புகிற வேலையெல்லாம் அதனிடம் கிடையாது. கையை விட்டதிலிருந்தே மெல்ல மெல்ல வளைந்து, எங்கே போகச் சொன்னார்களோ அங்கே போய் நிற்கும். முதல் வாரமே மைத்துனன் பள்ளத்தை மறந்தான். இரண்டாம் வாரம் ஒரே பந்தில் பத்துப் பின்னும் சாய்ந்து ஒரு ஸ்ட்ரைக் விழுந்தது. திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து லிஃப்ட்காரரும் கை தட்டினார். தட்டியது தப்பு என்று அப்போது தெரியவில்லை.

மைத்துனனுடைய கணக்கு ஏற ஏற, டீமுடைய கணக்கு இறங்கியது. லிஃப்ட்காரரின் பந்து ஓரத்தில் போய், போய், போய்க்கொண்டே இருந்தது. டீமில் இன்னொருவரான பல் டாக்டருக்கும் அதே கதி. லிஃப்ட்காரர் பந்தைத் துடைத்துப் பார்த்தார், ஷூவை மாற்றிப் பார்த்தார், லேனைத் திட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பஸ் அக்கா மட்டும் எப்போதும்போல் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் கண்டுபிடித்ததும் அவள்தான்.

"கேப்டன், உங்களுக்கும் டாக்டருக்கும் மட்டும் ஏன் திரும்ப மாட்டேங்குது? எனக்குத் திரும்புதே?"

"நீங்க இடதுகை அக்கா."

"அதத்தான் சொல்றேன். லேன்ல என் பக்கம் வேற யாரும் போறதில்ல. உங்க பக்கம் யார் யாரு போறா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மைத்துனன் பெஞ்சில் உட்கார்ந்து, குளிப்பாட்டின குழந்தையைத் துவட்டுவதுபோல் ஊதாப் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

லேனில் முன்பக்கம் எண்ணெய் பூசியிருப்பார்கள். பின்களுக்குப் பக்கத்தில் பூசமாட்டார்கள். அங்கே காய்ந்து கிடக்கும். மற்றவர்கள் பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய், காய்ந்த இடம் வந்ததும் தரையைப் பிடித்துத் திரும்பும். போகிற வழியில் கொஞ்சம் எண்ணெயைக் குடித்துக்கொண்டும் போகும். யூரித்தேன் பந்து எண்ணெயைக் குடிக்காது. முன்னால் இருக்கிறதை இழுத்துக்கொண்டு போய்ப் பின்னால் தடவிவிட்டு வரும். அழுக்குத் துணியால் அடுப்புமேடையைத் துடைத்த மாதிரிதான். துடைத்தவனுக்குத் திருப்தி, அடுத்துக் கை வைக்கிறவனுக்கு வழுக்கும்.

"சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

"நான் எப்படிச் சொல்றது? நீங்க சொல்லுங்க. டாக்டர், பக்குவமா சொல்வீங்க."

"நான் பல்லு பிடுங்கறவன் சார். பக்குவமெல்லாம் எனக்கெதுக்கு? ஊசி போட்டதும் அவங்களால பேசவே முடியாது. உங்க மச்சான், நீங்கதான் சொல்லணும்."

சொல்லிவிடுவது என்றுதான் அன்று காரில் ஏறினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "டேய், அந்தப் பந்து இருக்கே..."

"ஆமா அத்தான்!" அவன் முந்திக்கொண்டான். "நானே சொல்லணும்னு இருந்தேன். நான் சொல்ற இடத்துக்கு அப்படியே போகுது அத்தான். இந்த வருஷம் பூரா நான் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே ஜென்மம் அதுதான். அக்காகிட்டயும் சொன்னேன்."

அதற்கு மேல் யாராவது வாயைத் திறப்பார்களா? நாக்கு நுனிவரை வந்ததை லிஃப்ட்காரர் மென்று விழுங்கினார். சிக்னலில் முன்னால் நின்ற வண்டிக்காரனைப் பார்த்து, "நகர்றியா இல்லையா!" என்று கத்தினார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். வாயால் சொன்னால் புரியாது என்று சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் சமையல் எண்ணெயை ஊற்றி, ஓர் உருளைக்கிழங்கையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து உருட்டிக் காட்டினார். உருளைக்கிழங்கு கீழே விழுந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

"இப்ப என்ன சொல்ல வரீங்க?" என்றாள் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"உன் தம்பி பந்து எண்ணெயைத் தடவுது. என் பந்து திரும்ப மாட்டேங்குது. அவனப் பழைய பந்துக்கே போகச் சொல்லு."

"அவன் நேத்து காலையில தானா எழுந்து சவரம் பண்ணினான். பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ராத்திரி கதவு திறந்தே கிடந்துச்சு. பாத்தீங்களா?"

"அதையும் பாத்தேன்டி. ஆனா கோப்பை..."

"அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்க. 'டேய், உன்னாலதான் எல்லாம் நாசமாப் போகுது'ன்னு சொல்லுங்க. கம்பெனியில மேனேஜர் அவனை வெளிய அனுப்பறப்ப என்ன சொன்னான்னு தெரியுமா? 'உங்களை மாதிரி ஆளுங்களாலதான் கம்பெனியே மூடுது'ன்னான். ரெண்டாவது தடவ வீட்டுல கேக்கட்டும். முதல்ல மேஜையைத் துடைங்க."

துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. "இதத்தான்டி சொன்னேன்!" என்று கத்தினார். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

சரி, சொல்லாமலே சரி பண்ணுவோம் என்று ஒரு யோசனை செய்தார். யோசனையா அது! அதுவரை மைத்துனன்தான் முதலில் போடுவான். அவனைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் அவனுக்கு முன்னால் போடுகிற மூன்று பேருக்கும் லேன் சுத்தமாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். அடுத்த சுற்று என்று ஒன்று வரும், அதில் அவன் தடவிய எண்ணெயில்தான் இவர்கள் போட வேண்டும் என்பது, பத்து வருஷம் ஆடிய கேப்டனுடைய மண்டையில் உறைக்கவில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்தது. லேன் முன்புபோலவே வழுக்கியது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. டீமில் கடைசியாகப் போடுவது கெட்டிக்காரனுக்குக் கொடுக்கிற இடம். அதுவரை அது லிஃப்ட்காரருடைய இடம்.

"அக்கா! அத்தான் அவரோட இடத்தையே எனக்குக் குடுத்துட்டாரு!" என்று வீட்டுக்குள் நுழையும்போதே மைத்துனன் கத்தினான். மனைவி கணவரைப் பார்த்த பார்வையில் அப்படியோர் அன்பு. அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. தலையில் அடித்துக்கொள்வதற்காகவே குளியலறைக்குப் போனார்.

இப்படியே இழுத்துக்கோ பறித்துக்கோ என்று கடைசி வியாழன் வந்து சேர்ந்தது. எதிரில் பேக்கரிக்காரருடைய டீம். இரண்டு டீமும் கிட்டத்தட்டச் சமம். யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. லீக்கில் இரண்டு டீமும் ஒரே ஜோடி லேனில்தான் மாறி மாறிப் போட வேண்டும். இதுவரை எதிரில் வந்தவர்கள் பெரும்பாலும் நேராகப் போடுகிறவர்கள். ஊதாப் பந்து அவர்களை ஒன்றும் செய்யவில்லை. பேக்கரிக்காரர் அப்படியில்லை. லிஃப்ட்காரரைப்போலவே ஓரத்தில் விட்டுத் திருப்புகிறவர். ஆள் வேறு கொஞ்சம் வாய்க்காரர்.

மனைவியும் ஆட்டம் பார்க்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் ஆட்டம் அவர்களுக்கு, இரண்டாம் ஆட்டம் இவர்களுக்கு. மூன்றாவது ஆட்டத்தின் பாதியில் பேக்கரிக்காரருடைய பந்து நேராகப் போய் ஓர் ஓரத்துப் பின்களை மட்டும் தட்டிவிட்டுப் போனது. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கையிலிருந்த துண்டைத் தரையில் அடித்தார். நேராக வந்து மைத்துனன் முன்னால் நின்றார்.

"யோவ், ஊதா! கொஞ்சமாவது அறிவு இருக்கா? எண்ணெய் பூரா கொண்டுபோய்ப் பின்னாடி அப்பி வச்சிருக்க. உன் ஒருத்தனால எல்லார் ஆட்டமும் நாசம்!"

ஒன்றரை மாதமாக லிஃப்ட்காரர் கண்ணாடி முன்னாலும் காருக்குள்ளும் சொல்லிப் பழகிய அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை. இன்னொருவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோது அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஹலோ! யாரைப் பாத்து யோவ்ங்கறீங்க?" எழுந்து நடுவில் போய் நின்றார். "அவன் பந்து, அவன் போடுவான். ரூல்ல இருக்கா இல்லையா? போய்க் கேளுங்க. ஆடத் தெரியாதவன்தான் லேன குறை சொல்லுவான்."

டாக்டர் வாயைப் பிளந்தார். பஸ் அக்கா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு. பேக்கரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தன் பெஞ்சுக்குப் போனார். போகிற போக்கில் சும்மா போகாமல், "உங்க பந்தே திரும்பலையே சார்" என்று இவரிடமும், "அவரு கிட்டயே கேளுப்பா" என்று மைத்துனனிடமும் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார்.

மைத்துனன் ஊதாப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் லேனைப் பார்த்தான். அப்புறம் பந்தைப் பார்த்தான். நிஜமாகவே அவனுக்கு அதுவரை தெரியாது.

"அத்தான்" என்றான். குரல் பின்னறையிலிருந்து வருகிற அந்தப் பழைய குரலாகிவிட்டிருந்தது. "உண்மையா? என் பந்தாலதான் உங்க பந்து திரும்பலையா? என்னாலதானா?"

அரங்கே காது கொடுத்துக் கேட்டது. பக்கத்து லேன்காரர்கள், பத்து வருஷமாக அவருடைய பந்து திரும்புவதை நின்று பார்த்தவர்கள், இப்போதும் நின்று பார்த்தார்கள். பின்வரிசையில் மனைவி எழுந்து நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பந்து பைக்குள் போய்விடும், லேன் கொஞ்சம் கொஞ்சமாகக் காயும், கோப்பை தட்டுக்கு வரும். லிஃப்ட்காரருக்கு எல்லார் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேக்கரிக்காரர் மேல், பந்து விற்றவன் மேல், எண்ணெயைக் கண்டுபிடித்தவன் மேல், இப்படி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிற இந்தத் தடிப்பயல் மேல்.

"உன் பந்துக்கு அவ்வளவு திராணி இருக்கா என்ன?" என்றார். "எனக்கு வயசாச்சுடா. மணிக்கட்டு போச்சு. முன்ன மாதிரி முறுக்க முடியல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லல. போதுமா? இப்ப ஊரே கேட்டாச்சு. போய்ப் பந்தப் போடு."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சூடேறிவிட்டது. பக்கத்து லேனில் ஒருவர், "அடப்பாவமே" என்று சொன்னது நன்றாகவே கேட்டது.

பொய் சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டுமே. தன் முறை வந்ததும், தன் பந்தை எடுக்காமல், மிச்சம் நிற்கிற ஒற்றைப் பின்னைத் தட்டுவதற்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் பந்தை எடுத்து, புதிதாக வந்தவன்போல நேராக விட்டார். எட்டுப் பின் விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. அனுதாபத்தோடு பார்த்தார்கள். அதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

மைத்துனனோ அன்றைக்கு வெளுத்து வாங்கினான். அத்தானுடைய மணிக்கட்டுக்கும் சேர்த்துத் தானே ஆட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டவன்போல் ஒவ்வொரு பந்தையும் நிதானமாக விட்டான். ஊதாப் பந்து வளைந்து போய் வேலையை முடித்துவிட்டு வந்தது. பேக்கரி டீம் வழுக்கிக்கொண்டே இருந்தது. டாக்டரும் வழுக்கினார். பஸ் அக்கா வழக்கம்போல் அடித்தாள். ஜெயித்துவிடலாம்போல் இருந்தது.

கடைசிச் சுற்று. லிஃப்ட்காரருடைய முதல் பந்துக்கு ஒன்பது விழுந்து, வலது மூலையில் ஒரே ஒரு பின் நின்றது. அதைத் தட்டினால் ஸ்பேர். கூடவே இன்னொரு பந்தும் கிடைக்கும். பத்து வருஷத்தில் அந்த மூலைப் பின்னை எத்தனை தடவை எடுத்திருப்பார்! வேண்டுமென்று விட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயிரைக் கொடுத்துத்தான் போட்டார். காது இன்னும் சூடாக இருந்தது, அவ்வளவுதான். பந்து பின்னை உரசாமல், ஒரு நூல் தள்ளிப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

அடுத்துக் கடைசி ஆளாக மைத்துனன். கடைசிச் சுற்றில் ஸ்ட்ரைக் விழுந்தால் மூன்று பந்து வரை போடலாம்; மூன்றும் ஸ்ட்ரைக் விழுந்தால் கோப்பை இவர்களுக்கு. இரண்டு விழுந்தது. மூன்றாவதில் ஆறு பின்தான் விழுந்தது. தோற்றது மூன்று பின்னில். ஆனால் பலகையில் அவன் பெயருக்கு நேராக, முந்நூறுக்கு இருநூற்றுச் சில்லறை மின்னியது. வாழ்க்கையில் முதல் இருநூறு. பேக்கரி டீம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கத்திய சத்தத்துக்கு நடுவே பஸ் அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் அத்தானைத்தான் தேடினான்.

லிஃப்ட்காரர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று வைத்தியம் சொன்னான். சூடு ஒத்தடம் கொடுங்கள், ரப்பர் பந்தைப் பிசையுங்கள், நம்ம டாக்டர் ஒருத்தர் இருக்கார், நம்பர் தரவா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பேக்கரிக்காரரே கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, "மனசுல வச்சுக்காதீங்க சார், எனக்கும் முட்டி வலிதான்" என்றார். லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் தலையாட்டினார்.

காரில் மனைவி கியர் மேல் இருந்த அவர் கையின் மேல் தன் கையை வைத்து, வீடு வரைக்கும் எடுக்கவில்லை. கியர் மாற்றக் கஷ்டமாக இருந்தது. பின்சீட்டில் மைத்துனன் பந்துப்பையை மடியில் வைத்துக்கொண்டு விடாமல் பேசிக்கொண்டே வந்தான்.

"வெக்கப்பட என்ன அத்தான் இருக்கு? வயசானா யூரித்தேன்தான் நல்லது. கைய முறுக்கவே வேணாம், அதுபாட்டுக்குப் போகும். நான் சொல்லித் தரேன்."

"சரிடா" என்றார்.

"நெசமாத்தான் சொல்றேன்."

"சரின்னுட்டேன்ல, விடுடா!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் படுக்கையறைக் கதவு இடிபட்டது. தட்டவில்லை, இடிபட்டது. லிஃப்ட்காரர் பதறியடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"அத்தான்! இன்னும் என்ன தூக்கம்? கதவச் சாத்திக்கிட்டு எவ்வளவு நேரம் உள்ளயே இருப்பீங்க? அரங்கு எட்டுக்குத் திறக்குது. அதுக்குள்ள கைக்குப் பயிற்சி குடுக்கணும். வாங்க வெளிய!"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் கண் நனைந்தேதான் இருந்தது.

"போங்க" என்றாள். "அவன் சொன்ன பேச்சைக் கேக்கற ஜென்மம் இப்ப ரெண்டாச்சு."

"உங்க குடும்பத்துல பொண்ணெடுத்தேன் பாரு" என்று முனகிக்கொண்டே லிஃப்ட்காரர் கட்டிலுக்கு அடியில் காலுறையைத் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது. கதவு மறுபடியும் இடிபட்டது.

"வரேன்டா!" என்று கத்தினார். "வந்து தொலைக்கிறேன்."